உங்க ஊர்ல எத்தனை சென்டிமீட்டர்?

புதுச்சேரிக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிறது வீராம்பட்டினம். மீன்பிடித் தொழிலை நம்பிய ஊர். 1990-களின் கடைசியில் அங்கே ஒலிபெருக்கியில் தினமும் ஓர் அறிவிப்பு வரும். இன்றைக்கு அலை எவ்வளவு உயரம் எழும், காற்று எந்தத் திசையில் அடிக்கும் என்று இரண்டே வரி. கடலுக்குப் போவதா, கரையில் இருப்பதா என்று முடிவெடுக்க அது போதும். அந்த இரண்டு வரியும் புறப்பட்ட இடம் அமெரிக்கக் கடற்படையின் இணையதளம்.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை மையம். தொலைபேசியை முழுதாக நம்ப முடியாத காலம் என்பதால் அங்கிருந்து ஊர்களுக்கு வயர்லெஸ் தொடர்பு வைத்தார்கள். கரண்ட் போனாலும் வேலை நிற்காமல் இருக்க சூரிய மின்தகடு. இடத்தை ஊர் கொடுக்க வேண்டும், எந்தச் சாதியாரும் உள்ளே வந்து போகலாம் என்பது நிபந்தனை. எம்பலத்தில் கோயில் வளாகத்திலேயே மையம் நடந்தது. தகவல்களைச் சேர்த்து, தமிழாக்கி, சொன்னவர்களில் பலர் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

கம்ப்யூட்டரை இறக்கி வைப்பதற்கு முன்பே அந்த நிறுவனத்தார் ஊராரிடம் போய், உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார்கள். இந்த முயற்சியில் மிகவும் மதிக்கத் தக்க காரியம் இதுதான். உலகச் செய்தி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நெல் என்ன விலை போகிறது, பஸ் எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரியில் டாக்டர் இருப்பாரா, உதவித் தொகைக்கு யாரிடம் மனு கொடுப்பது என்று கேட்டார்கள். மீனவ ஊரில் அலையின் உயரம். பிற்பாடு ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஒரு சிறு பத்திரிகையும் இந்த மையங்களிலிருந்து வந்தது.

2004 டிசம்பர் 26 காலை. இதே மாதிரி தகவல் மையம் இருந்த இன்னொரு கடலோர ஊர் நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தியை அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். கடல் நம் பக்கமும் வரும், எல்லாரையும் வெளியேறச் சொல்லுங்கள் என்றார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கி ஊரை எழுப்பியது. வீடுகள் இடிந்தன, படகுகள் உடைந்தன. அந்த ஊரில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

அன்று சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது என்ற செய்தி உலகம் முழுவதும் போய்க்கொண்டிருந்தது. அது நல்லவாட்டுக்கான செய்தியாக மாறியது அந்த ஒரு போன் காலில்தான். பேசியவருக்குக் கடல் எங்கே, வீடுகள் எங்கே, ஒலிபெருக்கி எங்கே என்று தெரியும். கேட்டவர்களுக்குப் பேசியவரைத் தெரியும். பெரிய அறிவு ஒரு சின்ன ஊருக்குப் பயன்பட வேண்டுமானால் நடுவில் இப்படி ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. இணையம் வந்த பிறகு அந்த ஆளுக்கு வேலை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. தமிழ்நாட்டில் இதை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் மழையைப் பற்றி எழுதுகிறவர்களைப் பார்க்க வேண்டும்.

*

சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற மூன்றே மாதங்களில், அதிலும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். வங்கக் கடலில் உருவாகும் ஒரு தாழ்வு மண்டலம் சற்று வடக்கே நகர்ந்தால் நெல்லூருக்கு வெள்ளம், தெற்கே நகர்ந்தால் கடலூருக்கு வெள்ளம். ஒரே நகரத்துக்குள் நுங்கம்பாக்கத்தில் தூறலும் மீனம்பாக்கத்தில் பேய் மழையும் ஒரே மணி நேரத்தில் நடக்கும். ‘வட தமிழகக் கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை’ என்ற அறிவிப்பு அறிவியல்படி சரியானதுதான். ஆனால் வேளச்சேரியில் தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு அந்த ஓரிரு இடங்களில் தன் தெருவும் உண்டா என்று தெரிய வேண்டும்.

இந்த ஊருக்கு மழையை அளப்பது புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் கட்டியது. அந்தக் கட்டடத்தின் கருங்கல் தூண் இன்னும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. சென்னையின் மழைக் கணக்கு 1813-லிருந்து கிடைக்கிறது. இந்தியாவிலேயே இவ்வளவு நீண்ட மழைப் பதிவு வேறு ஊருக்கு இல்லை. ஆனால் நெடுங்காலம் அது ஒரே மழைமானியின் கணக்கு. நகரம் தாம்பரம் தாண்டி, பூந்தமல்லி தாண்டிப் பரவிய பிறகும் ‘சென்னையில் மழை’ என்றால் நுங்கம்பாக்கத்தில் விழுந்த மழைதான்.

2002-ல் ராஜாஜி சாலையில் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் டாப்ளர் ரேடார் பொருத்தினார்கள். மழை மேகம் எங்கே இருக்கிறது, எவ்வளவு அடர்த்தி, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சில நிமிடங்களுக்கு ஒரு தடவை அது படம் எடுத்துக் கொடுக்கும். அந்தப் படத்தை வானிலைத் துறை தன் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தது. யார் அந்த முடிவை எடுத்தார்களோ, அவர்களுக்கு நகரம் கடன்பட்டிருக்கிறது. இன்று இருக்கும் மழை எழுத்தாளர்கள் அத்தனை பேரும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாடம் கற்றார்கள்.

2000-களின் பிற்பகுதியில் ‘கியா வெதர்’ என்ற ஆங்கில வலைப்பதிவு சென்னை மழைப் பித்தர்களின் கூடாரமாக இருந்தது. வங்கக் கடலில் ஏதாவது சுழல ஆரம்பித்தால் போதும், ராத்திரி முழுக்க உரையாடல் நடக்கும். அண்ணா நகரிலிருந்து ஒருவர் இங்கே தூறல் ஆரம்பித்துவிட்டது என்பார். பல்லாவரத்துக்காரர் இடி சத்தம் கேட்கிறது என்பார். ரேடாரில் தெரியும் சிவப்புப் பட்டை கரையைத் தொடுமா, கடலிலேயே கரைந்துவிடுமா என்று விவாதம் நடக்கும். பலர் சொந்தக் காசில் மழைமானி வாங்கி மொட்டை மாடியில் வைத்தார்கள். வானிலையியல் படித்தவர்கள் அவர்களில் மிகச் சிலர். மற்றவர்கள் வங்கியிலும் ஐ.டி. கம்பெனியிலும் வேலை பார்த்தவர்கள்.

அந்த வட்டத்திலிருந்து வந்தவர்தான் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான். நகர்ப்புற உள்கட்டமைப்புக்கு நிதி தரும் ஒரு நிறுவனத்தில் வேலை. மழை அவருக்கு வேலை நேரம் போக மீதி நேரத்து ஆர்வம். ஃபேஸ்புக்கில் அவர் எழுத ஆரம்பித்த விதம் எளிமையானது. இப்போது ரேடாரில் என்ன தெரிகிறது, அடுத்த இரண்டு மணி நேரத்தில் எந்தப் பகுதிக்கு மழை, எப்போது விடும் என்று பகுதியின் பெயரைச் சொல்லி எழுதினார். கீழே நூற்றுக்கணக்கில் கேள்விகள். ‘அண்ணா, குரோம்பேட்டைல இன்னைக்கு நைட்டு தாங்குமா?’ முடிந்தவரை பதில் சொன்னார். ஊடகங்கள் அவரைத் தேடி வந்தது பிறகு நடந்தது.

இந்த எழுத்துகள் வாசகர்களுக்குக் கற்றுக்கொடுத்தது கொஞ்சமல்ல. மழையளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்படுகிறது, அதனால் ராத்திரி பெய்த மழை மறுநாள் தேதியில்தான் பதிவாகும். 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21-ம் அதற்கு மேலும் அதி கனமழை. ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் 10 லிட்டர் தண்ணீர். அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். கணிப்பும் ஐரோப்பிய மையத்தின் கணிப்பும் ஏன் ஒத்துப்போவதில்லை, எப்போது எதை நம்பலாம். பள்ளிக்கூடத்தில் படிக்காத புவியியலை டீக்கடையில் பேசுகிற அளவுக்கு மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் இவர்கள்.

*

2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் ஏறக்குறைய 105 செ.மீ. மழை. 1918-க்குப் பிறகு எந்த நவம்பரிலும் அவ்வளவு பெய்ததில்லை. ஏரிகள் நிரம்பி, மண் இனி ஒரு சொட்டும் குடிக்க முடியாத நிலையில், டிசம்பர் 1 வந்தது. மறுநாள் காலை 8.30-க்கு அளந்தபோது தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டி.எம்.சி. அன்றிரவு அங்கிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. விமான நிலையத்தின் ஓடுபாதை மூழ்கியது. 1878-ல் தொடங்கிய ‘தி இந்து’ நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச்சேர முடியவில்லை.

பத்திரிகை வராத அந்தக் காலையில் நகரம் தன் செய்தியைத் தானே எழுதிக்கொண்டது. யார் வீட்டில் எத்தனை பேர் தங்கலாம், எந்த மண்டபத்தில் சாப்பாடு, யாரிடம் படகு இருக்கிறது, எந்த மருந்துக்கடை திறந்திருக்கிறது என்று கூகுள் ஷீட்டுகளில் வரிசை வரிசையாக விவரங்கள் சேர்ந்தன. முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வீட்டு முகவரியைப் பொதுவில் எழுதினார்கள். தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணையும் கூப்பிட்டுச் சரிபார்த்து, உதவி கிடைத்துவிட்டதா என்று குறித்தார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்து வெள்ள வரைபடம் ஒன்று உருவானது. தன் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று யார் வேண்டுமானாலும் அந்தத் தெருவின் கோட்டைத் தொட்டுக் குறிக்கலாம். சில நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்கள் அதில் குறிக்கப்பட்டன. எந்த அரசு அலுவலகத்திலும் அன்று அப்படி ஒரு படம் இருந்திருக்க முடியாது. அந்தத் தெருக்களில் நின்றவர்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயம் அது.

பொய்யும் அதே வேகத்தில் ஓடியது. கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்துவிட்டன என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி. நாசா சொல்லிவிட்டது, இதுவரை காணாத மழை வரப்போகிறது என்று இன்னொன்று. முதலைப் பண்ணை மறுத்தது. நாசா பெயரில் வந்ததும் பொய் என்று வானிலை அறிந்தவர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஏற்கனவே இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற குடும்பத்துக்கு அந்த ஒரு வரி என்ன செய்யும் என்று அதை அனுப்பியவர்கள் யோசிக்கவில்லை. அந்த நாட்களில் மழை எழுத்தாளர்களின் பெரிய தொண்டு எது என்று கேட்டால், பயப்பட வேண்டாத இடத்தில் பயப்பட வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னதைச் சொல்லலாம். ரேடார் படத்தைப் போட்டு, பாருங்கள், மேகம் இங்கேதான் இருக்கிறது, நள்ளிரவுக்கு மேல் குறைந்துவிடும் என்று ஒருவர் எழுதினால் ஒரு வீடு தூங்கும்.

செய்யாமல் விட்ட வேலையும் ஒன்று உண்டு. செம்பரம்பாக்கத்தில் இத்தனை கன அடி திறப்பு என்ற எண் வெளியில் இருந்தது. அந்த எண் ஜாபர்கான்பேட்டையில் எந்தத் தெரு வரை ஏறும், கோட்டூர்புரம் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று அங்குள்ளவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. கன அடி என்பது பொறியாளரின் கணக்கு. ஆற்றங்கரையில் குடியிருப்பவருக்கு அதை மணிக்கணக்காகவும் படிக்கட்டின் கணக்காகவும் மாற்றித் தர வேண்டியிருந்தது. அது நடந்திருந்தால் எத்தனை பேர் மேல்மாடிக்குப் போயிருப்பார்கள் என்று நினைக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

*

டெல்டாவில் மழை பற்றிய கேள்வியே வேறு. அங்கே வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பதைவிட வயலில் தண்ணீர் நிற்குமா என்பதுதான் முதலில். ஐப்பசியில் குறுவை அறுப்பு நடக்கும்போது மழை வந்தால் கதிர் சாயும். களத்தில் கொட்டிய நெல் முளைத்துவிடும். நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று மூட்டையைத் திருப்பிவிடுவார்கள். நாளைக்கு அறுப்பு மிஷினை இறக்கலாமா, உரம் போடலாமா, மருந்து அடிக்கலாமா என்பது ஒரு குடும்பத்தின் அரை வருட வருமானத்தைத் தீர்மானிக்கும்.

மன்னார்குடியைச் சேர்ந்த ஆசிரியர் ந.செல்வகுமார் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். எழுத்தைவிடப் பேச்சே வயலில் நிற்பவருக்கு வசதி. வாட்ஸ்அப் குரல் பதிவு, பிறகு யூடியூப். மாவட்டம் மாவட்டமாக, ஊர் ஊராகப் பெயர் சொல்லி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வெயில் கிடைக்கும், அதற்குள் என்ன வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று வகுப்பு எடுக்கிற நிதானத்தோடு பேசுவார். அதே மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ‘டெல்டா வெதர்மேன்’ ஹேமச்சந்திரன் எழுதுகிறார். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறி, தென்னையை வேரோடு சாய்த்து, ஊர்களை வாரக்கணக்கில் இருட்டில் தள்ளிய பிறகு, டெல்டாவில் இந்தக் குரல்களைக் கேட்காத வீடு குறைவு. சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், சம்பாவுக்கு எப்போது களை எடுப்பார்கள் என்று தெரிந்தவர் சொல்லும் மழைக்கு ஈடாகாது.

கடலோரத்துக்கு அதன் சொந்தக் குரல்கள் இருக்கின்றன. பாம்பனில் 2016-லிருந்து ‘கடல் ஓசை’ சமுதாய வானொலி மீனவர்களுக்காக மீனவர்களின் பேச்சிலேயே ஒலிக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் ஏற்கனவே கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரும் வழி இல்லை. கரையில் எத்தனை ஃபேஸ்புக் பக்கம் இருந்து என்ன?

இப்படி எழுதுகிறவர்கள் தவறுவதும் உண்டு, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2021 டிசம்பர் 30 பிற்பகல் சென்னையின் நடுப்பகுதியில் திடீரென்று கொட்டியது. வானிலை மையமும் எதிர்பார்க்கவில்லை, ஆர்வலர்களும் எதிர்பார்க்கவில்லை. சுரங்கப் பாதைகள் மூழ்கி, வேலை முடிந்து கிளம்பியவர்கள் நள்ளிரவு வரை சாலையில் நின்றார்கள். 2018 அக்டோபரில் ரெட் அலர்ட் என்று மாநிலமே பரபரத்தது, பெரிய மழை வரவில்லை. 2024 அக்டோபர் நடுவில் மறுபடி ரெட் அலர்ட். முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் காரைப் பறிகொடுத்த வேளச்சேரிக்காரர்கள் இந்தத் தடவை முன்கூட்டியே மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். மழை மண்டலம் வடக்கே நகர்ந்துவிட்டது. அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. கிடைத்த தகவலை வைத்து ஒரு குடும்பம் தன் பொருளைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தது, அவ்வளவுதான். ரெட் அலர்ட் என்பது கட்டாயம் மழை வரும் என்ற உறுதிமொழி அல்ல, அதிகாரிகள் நடவடிக்கையில் இறங்க வேண்டும் என்பதற்கான அடையாளம் என்று அப்போதும் பொறுமையாக எழுதி விளக்கியவர்கள் இந்த ஆர்வலர்கள்தான்.

நல்ல மழை எழுத்தை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. எவ்வளவு நிச்சயம் இல்லை என்பதையும் சேர்த்து அது சொல்லும். ‘இரண்டு கணிப்புகள் மாறுபடுகின்றன, நாளை மாலைக்குள் தெளிவாகும், அதுவரை காத்திருங்கள்’ என்று எழுதுபவரைப் பின்தொடரலாம். தவறிய மறுநாள் ஏன் தவறியது என்று எழுதுபவரை இன்னும் நம்பலாம். ‘சென்னை மூழ்கப் போகிறது’ என்று சிவப்பு எழுத்தில் முகப்புப் படம் வைத்துவிட்டு, உள்ளே பத்து நிமிடம் எதுவும் சொல்லாத காணொளிகள் இன்று மழைக் காலத்தில் ஆயிரக்கணக்கில் வருகின்றன. அவற்றைப் பார்க்கும் ஒவ்வொரு கண்ணும் பொறுப்பாக எழுதுபவரிடமிருந்து பறிபோன கண்.

*

2023 டிசம்பர் 18 காலை 8.30. காயல்பட்டினத்தில் பதிவான மழை 95 செ.மீ. ஒரே நாளில். தூத்துக்குடி மாவட்டம் ஓர் ஆண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட அதிகம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் விழுந்த தண்ணீரை மட்டும் பிடித்திருந்தால் ஏறக்குறைய 88,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் ஏழு லாரிக்கு மேல். பக்கத்தில் திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. சுமார் 800 பயணிகள் தண்ணீர் நடுவே மாட்டிக்கொண்டார்கள், மீட்டு முடிக்க 19-ம் தேதி ஆகிவிட்டது.

காயல்பட்டினத்துக்காரர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஹாங்காங்கில் இருக்கிறார்கள், வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். அந்த ஊருக்கு வெகு காலமாகவே சொந்தச் செய்தித் தளம் உண்டு. அதிராம்பட்டினத்துக்கு ‘அதிரை எக்ஸ்பிரஸ்’ போல ஒன்றுக்கு மேற்பட்ட தளங்கள். கீழக்கரையும் அப்படித்தான். பிழைக்கப் போனவர்கள் அதிகம் இருக்கும் ஊர்களில் இத்தகைய தளங்கள் முதலில் முளைத்தது தற்செயல் அல்ல. யாழ்ப்பாணத்துத் தீவுகளிலிருந்து போரால் பெயர்ந்து போனவர்களும் தங்கள் ஊர்ப் பெயரிலேயே தளங்கள் நடத்துகிறார்கள். அவற்றில் என்ன இருக்கும்? யார் இறந்தார், எப்போது அடக்கம். யார் வீட்டுக் கல்யாணம். எந்தத் தெருவில் மின்தடை. நகராட்சிக் கூட்டத்தில் என்ன தீர்மானம். ராத்திரி எவ்வளவு மழை. மாநிலப் பத்திரிகைக்கு இவற்றில் ஒன்றும் செய்தி அல்ல. துபாயில் அறையில் படுத்துக்கொண்டு போனைத் திறப்பவருக்கு அன்றைக்கு வேறு எதுவும் செய்தி அல்ல.

அந்த டிசம்பரில் தாமிரபரணிக் கரை ஊர்களில் மின்சாரம் போனது, செல்போன் கோபுரங்களும் அடங்கின. ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வீட்டாரோடு பேச முடியாமல் வெளியூரில் இருந்தவர்கள் தவித்தார்கள். இணையத்தை நம்பிய உள்ளூர்ச் செய்தியின் பலவீனம் இது: மிகவும் வேண்டிய நேரத்தில் முதலில் விழுவது அதுதான். பேட்டரியில் ஓடும் சமுதாய வானொலி, பள்ளிவாசல், கோயில், தேவாலய ஒலிபெருக்கிகள், ஹாம் ரேடியோ எல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடக் கூடாது. போன் வேலை செய்யும் ஓர் இடத்திலிருந்து தகவலை வாங்கி, வேலை செய்யாத இடத்துக்கு அவற்றால்தான் சேர்க்க முடியும்.

*

அடுத்த ஆண்டு, 2024 நவம்பர் 30 இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறிவிட்டு நகராமல் அங்கேயே நின்றது. அதற்கு முந்தைய நாட்களில் எல்லாப் பேச்சும் சென்னையைப் பற்றியே இருந்தது. மழை கொட்டியது விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும். பிறகு உள்மாவட்டங்களுக்குப் போய், கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. திருவண்ணாமலையில் மலைச் சரிவு ஏழு உயிர்களை வாங்கியது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோர ஊர்கள் இருட்டில் மூழ்கின. எச்சரிக்கை முறையாகக் கொடுக்கப்பட்டதாக அரசு சொன்னது. போதவில்லை என்று எதிர்க்கட்சிகள் சொன்னன.

அந்த விவாதத்தில் விடுபட்டுப் போன விஷயம் ஒன்று உண்டு. சென்னையில் ஒவ்வொரு பகுதிக்கும் மழை எழுதுபவர் இருக்கிறார், டெல்டாவுக்குச் சில குரல்கள் இருக்கின்றன. தென்பெண்ணைக் கரைக்கு, ஜவ்வாது மலை அடிவாரத்துக்கு, ஊத்தங்கரைக்கு அப்படிப் பழகிய குரல் எத்தனை? மாநில அரசு 1,400 தானியங்கி மழைமானிகள் வைக்கும் திட்டத்தைச் செயல்படுத்தியிருக்கிறது, டி.என். அலர்ட் என்ற செயலியும் வந்திருக்கிறது. எண்கள் இனி கிராமத்துக் கிட்டே கிடைக்கும். அந்த எண்ணை எடுத்து, ‘இந்த மழைக்கு நம்ம ஏரி மறுகால் போகும், கீழத்தெருக்காரங்க மாட்டை அவிழ்த்து மேட்டுல கட்டுங்க’ என்று சொல்லும் ஆளை எந்தத் திட்டத்திலும் நியமிக்க முடியாது. அவர் அந்த ஊரிலிருந்துதான் வர வேண்டும். பள்ளிக்கூட வாத்தியாரோ, கல்லூரிக்குப் போகும் பெண்ணோ, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரோ யாராகவும் இருக்கலாம்.

அவர் எழுதுவது எங்கே தங்கும் என்பதும் யோசிக்க வேண்டியது. 1813-ல் சென்னையில் பெய்த மழையை இன்று தேடி எடுக்கலாம். 2015-ல் எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்று ஆயிரம் பேர் எழுதிய விவரத்தில் பெரும்பகுதி இன்று தேடினால் அகப்படாது. கூகுள் ஷீட்டுகளின் சுட்டிகள் செத்துவிட்டன. ஃபேஸ்புக் பதிவுகள் அடியில் புதைந்துவிட்டன. வாட்ஸ்அப் குரல் பதிவுகள் போனை மாற்றியபோது போய்விட்டன. கட்டணம் கட்டாமல் விட்ட தளங்கள் மறைந்தன. அடுத்த வெள்ளத்துக்கு முன் ஒரு வீட்டுக்காரரோ பொறியாளரோ தேடும் விவரம் அதுதான். ஆகவே ஊர்ச் செய்தி எழுதுகிறவர்கள் தங்கள் பதிவுகளைப் பிரதி எடுத்து, பொது ஆவணக் காப்பகங்களிலும் சேர்த்து வைப்பது நல்லது. வெள்ள வரைபடக் குறிப்புகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற பொது வரைபடத்தில் பதிந்தால் அவை ஒரு நிறுவனத்தின் தயவில் இருக்காது.

பதிய வேண்டியதும் பெரிய விஷயமல்ல. ஒரு மழைமானி. காலை 8.30-க்கு ஒரு எண். ஆற்றங்கரை ஊராக இருந்தால் மேலே அணை திறந்த நேரம், திறந்த அளவு, அந்தத் தண்ணீர் நம் ஊர்ப் பாலத்தின் எந்தத் தூணை, எந்த மணிக்குத் தொட்டது என்ற விவரம். மூன்று மழைக்காலத்துக்கு இந்தக் கணக்கு கையில் இருந்தால், நான்காவது மழைக்காலத்தில் சாத்தனூரில் மதகு தூக்கும்போது கீழே இருக்கும் ஊரிலிருந்து ஒருவர் தன் ஊர்க் குழுவில் எழுதலாம்: இன்னும் இத்தனை மணி நேரம் இருக்கிறது, கீழத்தெருவிலிருந்து ஆரம்பியுங்கள், வயசானவர்களை முதலில் கூட்டிவாருங்கள், பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது.